பனியாறுகள் உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடுமா, குறையுமா?

"இமயமலைப் பனிப்பாறைகள் உருகுவதால் கங்கை, சிந்து ஆறுகளில் தண்ணீர் கூடும் என்று ஒரு செய்தி. அவை வற்றிவிடும் என்று இன்னொரு செய்தி. இரண்டிலும் கம்ப்யூட்டர் மாடல் வைத்துக் கணக்கிட்டதாகத்தான் சொல்கிறார்கள். எதை நம்புவது? இதைக் கடைசி ஆண்டு புராஜெக்ட்டாக எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வற்றுமா என்பதைவிட, இந்த மாடல்கள் தரும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மலை ஆறுகளின் நீரியல்தான் என் தொழில். இப்படிப்பட்ட மாடல்களை ஓட்டுவதும், மற்றவர்கள் ஓட்டியதைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதும் அதில் பெரும்பகுதி. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த இரண்டு செய்திகள். இரண்டுமே சரியாக இருக்கலாம். பேசும் காலம்தான் வேறு. ஒரு கற்பனைப் பனியாற்றை (நீங்கள் பனிப்பாறை என்று எழுதியிருக்கும் கிளேசியரைத்தான் பனியாறு என்கிறேன்) எடுத்துக்கொள்வோம். பரப்பு 10 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான பனி உருகுகிறது என்றால் 2 கோடி கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 0.7 டி.எம்.சி. வெப்பம் ஏறுகிறது. உருகல் 2.8 மீட்டர் ஆகிறது, பரப்பு 9 சதுர கிலோமீட்டராகச் சுருங்குகிறது. இப்போது வரத்து 2.5 கோடி கன மீட்டர், அதாவது கூடியிருக்கிறது. இன்னும் சில பத்தாண்டுகள் போகட்டும். உருகல் 3.5 மீட்டர் ஆகிவிட்டது, ஆனால் மிச்சமிருப்பது 4 சதுர கிலோமீட்டர்தான். வரத்து 1.4 கோடி, அதாவது தொடங்கிய இடத்தைவிடக் குறைவு. இப்படி ஏறி இறங்கும் கோட்டின் உச்சியைத்தான் 'பீக் வாட்டர்', உச்சநீர், என்கிறார்கள். உச்சத்துக்கு முன் இருக்கும் ஆண்டுகளைப் பார்த்தவர் கூடும் என்பார், பின்னால் இருப்பதைப் பார்த்தவர் குறையும் என்பார்.

இந்த உச்சம் வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. பெரு நாட்டின் கோர்டியேரா பிளாங்கா மலைத்தொடரில், சாந்தா ஆற்றுக்குத் தண்ணீர் தரும் ஒன்பது சிறு படுகைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் ஏழு படுகைகள் உச்சத்தைத் தாண்டிவிட்டன என்பது அதன் முடிவு. 2018-இல் ஹஸ், ஹாக் என்ற இரண்டு பனியாற்று ஆய்வாளர்கள் உலகின் 56 பெரிய ஆற்றுப்படுகைகளுக்கு மாடல் ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் பாதியில் உச்சம் ஏற்கெனவே கடந்துவிட்டது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகியவற்றின் தலைப்பகுதிகளில் அது இந்த நூற்றாண்டின் நடுவாக்கில், அல்லது அதற்கும் பிறகு வரும் என்று கணக்கு காட்டியது. பெரிய பனியாறுகள் உள்ள படுகைகளில் உச்சம் தள்ளிப்போகும், சிறியவற்றில் சீக்கிரம் வந்துவிடும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த ஆண்டில் என்று கேட்டால்தான் சந்தேகம் தொடங்குகிறது. அப்புறம், 2035-க்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துவிடும் என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் புகுந்துவிட்ட தவறு அது. 2010 ஜனவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, ஆற்றில் எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பது முக்கியம். வற்றாத ஜீவநதி என்று பள்ளியில் படித்த கங்கையும் சிந்துவும் இந்த விஷயத்தில் வேறு வேறு ஜாதி. கங்கையின் மேல்படுகைக்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிறது. பனி அதிகம் உருகுவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். சமவெளிக்கு வந்து சேரும்போது மழைநீரில் பனிநீர் கரைந்து காணாமல் போய்விடுகிறது. சிந்துவுக்கு அப்படி இல்லை. மேலே குளிர்காலப் பனிப்பொழிவு, கீழே காய்ந்த நிலம். 2014-இல் லுட்ஸ் குழுவினர் கணக்கிட்டபடி, மேல் சிந்துவின் நீரில் பனியாறுகளின் பங்கு சுமார் 40 சதவீதம். மேல் கங்கையில் அது 12 சதவீதத்தை ஒட்டி, மேல் பிரம்மபுத்திராவில் 16 சதவீதத்தை ஒட்டி. இவை மலைப்பகுதிக்கு மட்டுமான எண்கள். பாட்னாவில் நின்று பார்த்தால் கங்கைக்கான பங்கு இன்னும் சிறுத்துப்போகும். ஆகவே பனியாறுகள் போனால் கங்கை வற்றிவிடும் என்பது தவறு. பனியாறு முடியும் கோமுகத்துக்குக் கீழே, கங்கையின் தலையாறான பாகீரதியின் முதல் சில பத்து கிலோமீட்டரில் பெரிய மாற்றம் வரும் என்பது சரி.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பக்ராவில் சட்லெஜ் நீரில் பனியின் பங்கு 59 சதவீதம், அக்னூரில் செனாப் நீரில் 49, தேவபிரயாகையில் கங்கை நீரில் 29 என்று பழைய இந்திய ஆய்வுகளில் பார்ப்பீர்கள். இவை அந்தக் குளிர்காலத்தில் விழுந்த பனி, பனியாற்றின் பனிக்கட்டி இரண்டையும் சேர்த்தவை. இன்னொரு கட்டுரை, பனியாற்றின் பரப்பிலிருந்து வழியும் எல்லாவற்றையும், அதன்மேல் பெய்த மழை உட்பட, பனியாற்று நீர் என்று கணக்கிடும். வேறொன்று பனிக்கட்டி உருகியதை மட்டும் எடுக்கும். இன்னும் கறாரானது, அந்த ஆண்டு விழுந்த பனிக்கு மேலாக உருகியதை, அதாவது பனியாறு நிரந்தரமாக இழந்ததை மட்டும் எடுக்கும். ஒரே ஆறு, ஒரே ஆண்டு, நான்கு வரையறை, நான்கு எண். பத்திரிகைகளில் நடக்கும் சண்டையில் பாதி இதனால் வருவது. விளக்கம் பெரும்பாலும் கட்டுரையின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கும், யாரும் அங்கே போவதில்லை.

சரி, மாடல் எப்படி வேலை செய்கிறது? அடிப்படை ரொம்ப எளிது. மலையை உயரவாரியாகப் பட்டைகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு பட்டைக்கும் தினசரி வெப்பநிலையும் மழையும் கொடுக்கிறோம். வெப்பம் சுழியத்துக்கு மேல் எத்தனை டிகிரியோ அதை ஒரு எண்ணால் பெருக்கினால் அன்றைய உருகல். டிகிரி-நாள் முறை என்று பெயர். 1887-இல் ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிய வழக்கம் இன்னும் ஓடுகிறது. வெண்பனிக்கு அந்த எண் ஒரு டிகிரிக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர், வெறும் பனிக்கட்டிக்கு 5 முதல் 10 வரை. காரணம் வெயில். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அழுக்கேறிய பனிக்கட்டி 30, 40 சதவீதத்தோடு சரி. அதனால் ஒரே 5 டிகிரி நாளில் வெண்பனி மூடிய இடம் 20 மில்லிமீட்டர் உருகினால், பக்கத்தில் பனிக்கட்டி வெளியே தெரியும் இடம் 35 உருகும். ஜூன் மாதத்தில் புதிதாக ஒரு பனிப்பொழிவு வந்து பனிக்கட்டியை மூடிவிட்டால், வெப்பநிலை அதேதான் இருந்தும், சில நாட்களுக்கு ஆற்றில் வரத்து சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம்.

இந்த எளிமைக்குள்தான் சிக்கல் இருக்கிறது. வெப்பமானி 4,500 மீட்டரில் 5 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். மேலே ஏற ஏறக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று எடுத்தால், வெப்பம் சுழியமாகும் கோடு 5,270 மீட்டரில் விழும். 5.5 என்று எடுத்தால் 5,400-ஐத் தாண்டும். இடையில் 140 மீட்டர் உயர வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் பனியாற்றின் அகலமான பகுதி பல இடங்களில் அந்த உயரத்தில்தான் படர்ந்திருக்கிறது, அத்தனை பரப்பும் உருகுமா உருகாதா என்பதை அந்த ஒரு எண் முடிவு செய்கிறது. இமயமலையில் அது பருவத்துக்குப் பருவம் மாறும், மழைக்காலத்தில் ஈரக்காற்றினால் குறையும். ஆண்டு முழுக்க 6.5 என்று போட்டுவிட்டு ஓட்டிய ஆய்வைப் பார்த்தால் நான் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவேன்.

கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகள் இன்னொரு தலைவலி. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய தூசிப்படலம் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். அரை மீட்டர் கனத்தில் கற்குவியல் இருந்தால் கம்பளி போர்த்தியதுபோல் உருகலைத் தடுக்கும். ஒஸ்ட்ரெம் என்பவர் 1959-லேயே இதை அளந்து காட்டினார். ஆனால் செயற்கைக்கோள் அளவீடுகளைப் பார்த்தால், கல்மூடிய பனியாறுகள் பலவும் மூடாதவை அளவுக்கே மெலிந்திருக்கின்றன. கற்களுக்கு இடையே திறந்து நிற்கும் பனிச்சுவர்களும், மேலே தேங்கும் சிறு குட்டைகளும் உருகலை வேகப்படுத்துவது ஒரு காரணம். கீழே வந்து சேரும் பனியோட்டம் தளர்ந்துபோனது இன்னொன்று. எது எவ்வளவு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அடுத்தது பனியாற்றைச் சுருக்குவது. பழைய மாடல்களில் அதன் பரப்பு நூறு ஆண்டுக்கும் மாறாமல் நிற்கும், தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஒரு வரைபடம் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள். இப்போதைய மாடல்கள் ஒவ்வொரு ஆண்டும் இழந்த பனியை உயரவாரியாகப் பங்கிட்டுப் பரப்பைக் குறைக்கின்றன, சில பனியின் ஓட்டத்தையே கணக்கிடுகின்றன. அதற்கு ஆரம்பத்தில் எவ்வளவு கனம் பனி இருந்தது என்று தெரிய வேண்டும். நேரில் அளந்த பனியாறுகள் மிகக் குறைவு, மற்றதெல்லாம் சரிவையும் வேகத்தையும் வைத்துச் செய்த ஊகம். 2022-இல் மில்லன் குழுவினர் பனி நகரும் வேகத்தைச் செயற்கைக்கோளில் அளந்து போட்ட புதுக்கணக்கில், இமயமலையில் பழைய மதிப்பீட்டைவிட 37 சதவீதம் அதிகப் பனி இருப்பதாக வந்தது. இருப்பு அவ்வளவு மாறினால் உச்சநீர் ஆண்டும் நகரத்தானே செய்யும். அதனால்தான் '2047-இல் உச்சம்' என்கிற மாதிரி ஒற்றை ஆண்டைச் சொல்லும் தலைப்புகளை நான் நம்புவதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மலை உச்சியில் எவ்வளவு பனி விழுகிறது என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. மழைமானிகள் ஊர் இருக்கும் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. உயரத்தில் இருக்கும் சிலவும் காற்றடிக்கும்போது பனியைச் சரியாகப் பிடிப்பதில்லை, பனிச்செதில்கள் மானியின் வாயைத் தாண்டிப் பறந்துவிடுகின்றன. 2015-இல் இம்மர்சீல் குழுவினர் மேல் சிந்துவில் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். பனியாறு இவ்வளவுதான் மெலிந்திருக்கிறது, ஆற்றில் இவ்வளவு ஓடியிருக்கிறது, அப்படியானால் மேலே எவ்வளவு விழுந்திருக்க வேண்டும்? வழக்கமான தரவுத்தொகுப்புகள் சொல்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், சில இடங்களில் பத்து மடங்கு வரை என்று வந்தது.

இது மாடலை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே விழும் பனியை மாடலுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டோம். ஆற்றில் அளந்த தண்ணீரோ அதிகம். நாம் எண்களைத் திருகித் திருகி இரண்டையும் பொருத்த முயல்கிறோம். மாடலுக்கு ஒரே வழிதான் திறந்திருக்கிறது, பனியாற்றைக் கூடுதலாக உருக்குவது. பனியாறு வற்றாத தொட்டியாக அங்கே இருக்கிறதே. பொருத்தம் அழகாக வந்துவிடும். ஆனால் அந்த மாடலுக்குள் பனியாறு ஆண்டுக்கு இரண்டு மீட்டர் மெலிந்துகொண்டிருக்கும். உண்மையில் இமயமலைச் சராசரி அரை மீட்டரை ஒட்டித்தான். 1970-களின் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களை இன்றைய அளவீடுகளோடு ஒப்பிட்டு 2019-இல் வந்த கட்டுரை, 2000-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 0.43 மீட்டர் என்றது. இந்தத் தவறான மாடலை எதிர்காலத்துக்கு ஓட்டினால் பனியாறு நிஜத்தைவிட வேகமாகத் தீர்ந்துபோகும், உச்சம் முன்கூட்டியே வரும், அப்புறம் ஒரு பயங்கரமான வீழ்ச்சி வரும். வெளியிடுவதற்கு முன் என்னிடம் கருத்துக் கேட்டு வரும் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

'நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு 0.88 வந்திருக்கிறது' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். மாடலின் நீர்வரத்து அளந்ததோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மதிப்பெண் அது, 1 என்றால் முழுப் பொருத்தம். ஆனால் மலை ஆறு குளிர்காலத்தில் சுருங்கி, ஜூலையில் பொங்கி, மறுபடி சுருங்குவது. மாடலே இல்லாமல் ஒவ்வொரு தேதிக்கும் பல ஆண்டுச் சராசரியை எழுதி வைத்தாலே நல்ல மதிப்பெண் கிடைக்கும். அதனால் அந்த 0.88 என்னைப் பெரிதாக அசைப்பதில்லை. பனியாற்றின் வரவு-செலவு, அதாவது ஓராண்டில் சேர்ந்த பனிக்கும் இழந்த பனிக்கும் உள்ள வித்தியாசம், மாடலில் என்ன வந்தது, களத்தில் என்ன வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் படிக்க உட்காருவேன்.

களத்தில் எப்படி அளக்கிறார்கள்? இமாச்சலத்தின் லாஹௌல் பகுதியில், சந்திரா ஆற்றுப் படுகையில் சோட்டா ஷிக்ரி என்றொரு பனியாறு இருக்கிறது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர், பரப்பு 15 சதுர கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். 2002 முதல் ஆண்டுதோறும் அதன் வரவு-செலவை அளந்து வருகிறார்கள். நீராவித் துளைப்பான் வைத்துப் பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்கு ஓட்டை போட்டு மூங்கில் கழிகளை இறக்குவார்கள். கோடை முடிந்து, செப்டம்பர் கடைசி வாக்கில் போய், கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நாடா பிடிப்பார்கள். மேல் பகுதியில் குழி வெட்டி, அந்த ஆண்டுப் பனியின் கனத்தையும் அடர்த்தியையும் எடுப்பார்கள். கீழே ஓடையில் உப்புக் கரைசலை ஊற்றி, சற்றுத் தள்ளி நீரின் மின்கடத்தும் திறன் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து நீரோட்டத்தைக் கணக்கிடுவது ஒரு வழக்கம். கொந்தளிக்கும் ஓடைக்கு அது ரொம்பப் பொருத்தம். ஒரு வெள்ளம் வந்து பாறையைப் புரட்டிப் போட்டால், நீர்மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இருந்த பழைய உறவு செல்லாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை பாடுபட்டு அளக்கும் பனியாறுகள் இமயமலை முழுக்கத் தேடினாலும் கொஞ்சம்தான். பெரிய ஆறுகளின் நீர்வரத்துத் தரவோ, கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா மூன்றுக்கும் இந்தியாவில் ரகசியப் பட்டியலில் இருக்கிறது. மாணவர்களுக்கு எளிதில் கிடைக்காது.

மாடல்கள் கைவிட்டுவிடும் விஷயங்களும் உண்டு. நேபாள ஆறுகளை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பாறை இடுக்குகளுக்குள் இறங்கி மெதுவாக வெளிவரும் நிலத்தடி நீர், பனி உருகலைப்போல ஆறு மடங்கு இருக்கலாம் என்றது. பல பனியாற்று மாடல்களில் அந்த நிலத்தடி நீருக்கு ஒரு சின்ன வாளி மட்டுமே ஒதுக்கியிருப்பார்கள். 2023 அக்டோபரில் சிக்கிமில் தென் லோனாக் என்ற பனியாற்று ஏரி உடைந்து வந்த மாதிரியான வெள்ளங்களை இவை சொல்லவே சொல்லாது. அது வேறு துறை, வேறு கணக்கு.

எதில் உறுதியாகப் பேசலாம் என்றால், மாதவாரி மாற்றத்தின் திசையில். வெப்பம் ஏறும்போது உருகல் முன்கூட்டியே தொடங்கும், உச்சநீர் ஆண்டைத் தாண்டிய பிறகு கோடையின் பின்பகுதியில் வரத்து குறையும். இதைக் கிட்டத்தட்ட எல்லா மாடல்களும் ஒரே குரலில் சொல்கின்றன. வெயிலடிக்கும் வறண்ட ஆண்டில் பனியாறு கூடுதலாக உருகி ஆற்றைத் தாங்கிப்பிடிக்கும் குணமும், அது சிறுத்துப்போகப் போகக் குறையும். ஆண்டு மொத்தம் மாறாமல் இருந்தால்கூட விவசாயிக்கு இது பெரிய அடி. லடாக்கில் ஏற்கெனவே இந்தப் பிரச்சினை உண்டு. விதைப்புக்கு ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் வேண்டும், உயரத்துப் பனியாறு உருகி வருவதற்கோ ஜூன் தாண்டிவிடும். அதனால்தான் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல் ஊருக்கு அருகே தாழ்வான இடத்தில் குளிர்கால ஓடைநீரை உறையவைத்துச் செயற்கைப் பனியாறு செய்தார், சோனம் வாங்சுக் அதைக் கூம்பு வடிவ ஐஸ் ஸ்தூபியாக நிறுத்தினார். ஆண்டுச் சராசரி மட்டும் போட்ட மாடல் அந்த ஊர்க்காரருக்கு ஒரு பைசாவுக்கு உதவாது.

மழை கூடுமா குறையுமா என்பதில் காலநிலை மாடல்களுக்குள்ளேயே பெரிய கருத்து வேறுபாடு இருக்கிறது. காரகோரம் மலைத்தொடரில் பனியாறுகள் பல ஆண்டுகள் சுருங்காமல் நின்றதற்கான காரணத்திலும் அப்படித்தான். ஆகவே சிந்துவின் 2080-ஆம் ஆண்டு வரத்தை இரண்டு இலக்கத் துல்லியத்தில் சொல்பவரிடம் பிழை வரம்பைக் கேளுங்கள்.

உங்கள் புராஜெக்ட்டுக்குத் தாராளமாக எடுக்கலாம், ஆனால் கங்கை முழுவதையும் தொடாதீர்கள். ஓ.ஜி.ஜி.எம். என்ற இலவசப் பைத்தான் மாடல் இருக்கிறது. ராண்டால்ஃப் பட்டியலில் பனியாறுகளின் எல்லைக்கோடுகள் கிடைக்கும். வெப்பநிலைக்கும் மழைக்கும் ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தரவு போதும். சோட்டா ஷிக்ரியின் ஆண்டுவாரி வரவு-செலவு சூரிச்சில் இருக்கும் உலகப் பனியாற்றுக் கண்காணிப்புச் சேவையின் தளத்தில் திறந்தே இருக்கிறது. அந்த ஒரு பனியாற்றை மட்டும் எடுத்து, மழையை 1 மடங்கு, 1.5 மடங்கு, 2 மடங்கு என்று வைத்து மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அளந்த வரவு-செலவோடு பொருந்தும்படி டிகிரி-நாள் எண்ணைச் சரிசெய்துவிட்டு, உச்சநீர் ஆண்டு எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் போதும். ஆற்றின் தரவுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையவும் வேண்டியதில்லை.